299 டாலர் கார்டு கடையில் ஏன் 32,000 ரூபாய் ஆகிறது?

2025 ஜூனில் என் சித்தி பையன் திருச்சியிலிருந்து சென்னை வந்தான். ரயிலை விட்டு இறங்கி நேராக, கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய்விட்டு, அப்புறம்தான் வீட்டுக்கு வந்தான், வெறுங்கையோடு. "அண்ணே, ஆர்டிஎக்ஸ் 5060 கிராபிக்ஸ் கார்டு வெறும் 299 டாலர்னு கம்பெனியே அறிவிச்சிருக்கு. டாலர் 86 ரூபா. பெருக்கிப் பாத்தா 25,700. நாலு கடை ஏறி இறங்கிட்டேன், எவனும் 32,000க்குக் கீழ வரமாட்டேங்குறான். பகல் கொள்ளைண்ணே!"

அவன் பெருக்கியதில் தப்பில்லை. எதைப் பெருக்கினான் என்பதில்தான் தப்பு. கிராபிக்ஸ் கார்டு விலையைப் பற்றி நம் ஆட்கள் பேசுகிற பேச்சில் பாதி இப்படித்தான் இருக்கிறது. "60 சீரிஸ் கார்டு (மாடல் எண் 60ல் முடிகிறது) 20,000க்குள்ள இருக்கணும்", "சிப் சின்னது, அப்போ விலையும் குறையணும்", "அடுத்த வருஷம் புதுசு வந்தா பழசு பாதி விலைக்கு வந்துடும்" என்று ஆளுக்கொரு கணக்கு. புதுக் கார்டு வரப்போகிறது என்ற செய்தி கிளம்பும்போதெல்லாம் இந்தக் கணக்குகள் திரும்ப முளைக்கும், கார்டு வந்ததும் எல்லாரும் ஏமாறுவார்கள். எனவே விலை எங்கிருந்து வருகிறது என்று அடியிலிருந்து பார்ப்போம். கம்ப்யூட்டர் பாகங்கள் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் படிக்கலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு அறிமுகம். கேமில் திரையில் தெரிகிற படத்தை ஒவ்வொன்றாக வரைந்து தள்ளுவதுதான் கிராபிக்ஸ் கார்டின் வேலை. அப்படி வரைகிற ஒவ்வொரு படமும் ஒரு ஃப்ரேம். நொடிக்கு 60 ஃப்ரேம் வந்தால் ஓட்டம் வழுக்கிக்கொண்டு போகும், 25 வந்தால் திக்கும். வேகம் என்று நான் சொல்லும் இடத்திலெல்லாம் இந்த எண்ணிக்கையைத்தான் சொல்கிறேன்.

எம்ஆர்பி வேறு, அறிவிப்பு விலை வேறு

நமக்கு எம்ஆர்பி பழகிப்போன ஒன்று. பிஸ்கட் பாக்கெட்டில் அச்சடித்த விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது, வாங்கினால் சட்டப்படி குற்றம், வரியும் அதற்குள்ளேயே அடக்கம். இதே நினைப்போடு அமெரிக்க மேடையில் அறிவிக்கிற 299 டாலரையும் பார்த்துவிடுகிறோம். அது எம்ஆர்பி கிடையாது. தயாரிப்பாளர் "இந்த விலைக்கு விற்கலாம்" என்று சொல்லும் பரிந்துரை, அவ்வளவுதான். கூட்டி விற்றால் யாரும் கேட்க முடியாது. வரியும் அதில் சேரவில்லை. அமெரிக்காவில் விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் பில் போடும்போதுதான் சேர்ப்பார்கள்.

சரி, தம்பியின் கணக்கை மறுபடி போடுவோம். 299 டாலரை 86ஆல் பெருக்கினால் 25,714 ரூபாய். இதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, அதாவது 4,629 ரூபாய். இப்போதே 30,343 ஆகிவிட்டது, இன்னும் ஒருத்தரும் ஒரு பைசா லாபம் பார்க்கவில்லை. கப்பல் அல்லது விமானச் செலவு, இறக்குமதியாளர், விநியோகஸ்தர், கடைக்காரர் என்று வழியில் நிற்கிற எல்லார் கையிலும் கொஞ்சம் ஒட்டும். 32,000 என்பது நியாயமான விலையா என்று வாதம் செய்யலாம். கொள்ளை என்று சொல்வதற்கில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் இந்திய எம்ஆர்பி இருக்கும், கடை விலையைவிட எங்கேயோ உயரத்தில். "எம்ஆர்பியைப் பாருங்க சார், எவ்வளவு குறைச்சிருக்கோம்" என்று காட்டுவதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு பயன் நான் பார்த்ததில்லை. ஆக ஒரு கார்டுக்கு அறிவிப்பு விலை, ஸ்டிக்கர் விலை, கடை விலை என்று மூன்று விலை. நாம் கவலைப்பட வேண்டியது மூன்றாவதைப் பற்றி மட்டும்.

அறிவிப்பு விலைக்கே கூட கார்டு கிடைக்குமா என்றால், அது யார் செய்த கார்டு என்பதைப் பொறுத்தது. என்விடியா, ஏஎம்டி இரண்டும் சிப்பை வடிவமைக்கும். தைவானில் உள்ள டிஎஸ்எம்சி போன்ற ஆலை அதை அச்சடிக்கும். ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், ஜோடாக், சஃபயர் மாதிரி நிறுவனங்கள் சிப்பை வாங்கிப் பலகையில் வைத்து, ஃபேன் மாட்டி, பெட்டியில் போட்டு விற்கும். ஒரே சிப்பில் ஒரு ஃபேன் மாடலும் இருக்கும், மூன்று ஃபேனும் கலர் விளக்குமாக ஜொலிக்கிற மாடலும் இருக்கும். அறிவிப்பு விலை முதலாவதற்குத்தான். கடையில் அதிகம் கண்ணில் படுவது இரண்டாவது. கேம் ஓடுகிற வேகத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் பெரும்பாலும் மூன்று, நான்கு சதவீதம்கூட வராது.

இதுவரை பார்த்தது இவ்வளவு: டாலர் விலை வெறும் பரிந்துரை, வரி அதற்கு வெளியே, அதுவும் அடிப்படை மாடலுக்கு மட்டும். இந்தியக் கணக்குக்கு டாலரை அன்றைய ரூபாய் மதிப்பால் பெருக்கி, 18 சதவீதம் கூட்டி, அதற்கு மேல் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

மிட்ரேஞ்ச் என்பது யார் வைத்த பெயர்?

எதிர்பார்ப்பு எல்லாம் கெடுவது இந்த இடத்தில்தான்.

மிட்ரேஞ்ச் என்றால் நடுத்தரம். மிக மலிவும் இல்லை, மிக உசத்தியும் இல்லை. ஆனால் எதில் நடுத்தரம்? சிலர் பெயரை வைத்துச் சொல்வார்கள்: என்விடியா மாடல் எண் 60 என்று முடிந்தால் மிட்ரேஞ்ச். சிலர் விலையை வைத்து: 250 முதல் 450 டாலர் வரை. உள்ளே இருக்கிற சிப்பின் அளவை வைத்துச் சொல்பவர்களும் உண்டு. ஒரு காலத்தில் மூன்றும் ஒரே கார்டில் பொருந்தியிருந்தன. இப்போது பொருந்துவதில்லை.

ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து இன்றுவரை பேர் அதே, ஐந்து ரூபாய் அதே. பாக்கெட் மட்டும் இளைத்துக்கொண்டே வருகிறது. விலையை ஏற்றினால் ஜனங்கள் கத்துவார்கள், இரண்டு பிஸ்கட்டைக் குறைத்தால் பாதிப் பேர் கவனிக்கவே மாட்டார்கள். கிராபிக்ஸ் கார்டில் அந்தப் பேருக்குப் பதில் '60' என்ற எண்.

2016 ஜூலையில் வந்த ஜிடிஎக்ஸ் 1060ல் சுமார் 200 சதுர மில்லிமீட்டர் சிப், 6 ஜிபி மெமரி, ஆரம்ப விலை 249 டாலர். 2023 ஜூனில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060ல் சுமார் 159 சதுர மில்லிமீட்டர் சிப், 8 ஜிபி, விலை 299 டாலர். அந்த அளவுச் சிப்பை என்விடியா முன்பெல்லாம் '50' என்று முடிகிற மலிவு மாடல்களில்தான் வைக்கும். அதாவது பாக்கெட்டும் இளைத்தது, விலையும் ஏறியது. நியாயமாகப் பார்த்தால் ஏழு வருடத் தொழில்நுட்பம் அந்தச் சின்னச் சிப்பில் பழையதைவிடப் பல மடங்கு சக்தியை அடைத்திருக்கிறது. ஆனாலும் முந்தைய 3060ஐவிட எவ்வளவு வேகம் என்று கேட்டால், அறிமுகத்தின்போது என்விடியாவே சொன்ன கணக்கு சுமார் 20 சதவீதம்தான்.

பெயர் என்பது வெறும் ஒட்டுத்தாள் என்பதற்கு 2022ல் நடந்த கூத்தைவிட நல்ல சாட்சி கிடையாது. என்விடியா ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் 16 ஜிபி, 12 ஜிபி என்று இரண்டு கார்டுகளை அறிவித்தது. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்தால், 12 ஜிபி மாடலில் சிப்பே வேறு, சின்னது. விலை 899 டாலர். இணையம் முழுக்கக் கிழித்துத் தொங்கவிட்டதும், அக்டோபரில் அந்தக் கார்டைத் தாங்களே வாபஸ் வாங்கினார்கள். 2023 ஜனவரியில் அதே சரக்கு ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற பெயரில் 799 டாலருக்கு வந்தது. பெயர் மாறியதில் 100 டாலர் குறைந்த பொருளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நம் எதிர்பார்ப்பின் மூல ஊற்றும் அந்த 1060தான். அது வந்தபோது, இரண்டு வருடத்துக்கு முன் 549 டாலருக்கு விற்ற ஜிடிஎக்ஸ் 980க்கு ஏறக்குறைய சமமாக ஓடியது. "முந்தைய தலைமுறையின் பெரியண்ணன் வேகம், பாதி விலையில்" என்ற ருசியை அன்று கண்டுகொண்டோம். அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு 60 கார்டையும் அந்த ஒரு தாவலோடு ஒப்பிட்டே திட்டிக்கொண்டிருக்கிறோம். ஒரு வருடம் அமோகமாக விளைந்ததை வைத்து எல்லா வருடத்துக்கும் குத்தகை பேசுவது மாதிரி.

மைசூர்பாகுக் கணக்கு

சிப் சின்னதாகிவிட்டது, அப்படியானால் விலை ஏன் குறையவில்லை?

சிப்களைத் தனித்தனியாகச் செய்வதில்லை. வேஃபர் என்று ஒரு வட்டமான சிலிக்கான் தகடு, குறுக்களவு 300 மில்லிமீட்டர், வீட்டுத் தாம்பாளம் அளவு. அதன் மேல் ஒரே மாதிரிச் சிப்களை வரிசை வரிசையாக அச்சடித்து, கடைசியில் துண்டு போடுவார்கள். தாம்பாளத்தில் ஊற்றி ஆறிய மைசூர்பாகை வில்லை போடுவது போலத்தான். ஆலை காசு வாங்குவது தாம்பாளத்துக்கு. எத்தனை வில்லை தேறும் என்பது உங்கள் பாடு.

இப்போது அந்தத் தாம்பாளத்தில் பத்து இடத்தில் மணல் துகள் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரிய பெரிய வில்லையாக இருபது போட்டிருந்தால், பத்தில் மணல், பாதி போச்சு. சின்ன வில்லையாக நூறு போட்டிருந்தால் அதே பத்துதான் போகும், தொண்ணூறு தேறும். இந்தத் தேறுகிற விகிதத்துக்குத்தான் தொழிலில் யீல்டு என்று பெயர். 2019ல் வந்த ஆர்டிஎக்ஸ் 2060ன் சிப் 445 சதுர மில்லிமீட்டர். ஒரு வேஃபரில், வட்ட ஓரத்தில் வீணாவதைக் கழித்தால், தோராயமாக 125 வரும். 4060ன் சிப் 390க்குப் பக்கத்தில் வரும். சின்னதாக்குவதில் இவ்வளவு லாபம் இருக்கிறது.

அப்படியானால் 4060 மூன்றில் ஒரு பங்கு விலைக்கு வந்திருக்க வேண்டுமே என்றால், தாம்பாளம் மாறிவிட்டது. 2060ஐ அச்சடித்தது அன்றைக்கே கொஞ்சம் பழையதாகிப் போன முறையில். 4060 டிஎஸ்எம்சியின் மிகப் புதிய வரிசைகளில் ஒன்றில் வந்தது. புதிய முறையில் ஒரு வேஃபரின் விலை பழையதைவிடப் பல மடங்கு. ஆலை கட்டவே பல்லாயிரம் கோடி ரூபாய் ஆகிறது. நெய் விலை ஏறினால் வில்லை சின்னதாவது இயற்கைதானே.

மணல் பட்ட வில்லையும் குப்பைக்குப் போவதில்லை, அது ஒரு சுவாரசியம். சிப்புக்குள் ஒரே வேலையைச் செய்கிற ஆயிரக்கணக்கான சின்னக் கணக்குப் பிள்ளைகள் உண்டு, கோர் என்பார்கள். சிலது கெட்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அணைத்துவிட்டு, கீழ் மாடலாக விற்றுவிடலாம். ஆர்டிஎக்ஸ் 3060ன் சிப்பில் மொத்தம் 3,840 கோர்; கார்டில் இயங்குவது 3,584. இது ஏமாற்று இல்லை, சொன்ன எண்ணிக்கைதான் கைக்கு வருகிறது. உதிர்ந்த மைசூர்பாகைத் தனிப் பொட்டலமாகக் கட்டி விலை குறைத்து விற்கிற ஸ்வீட் ஸ்டால் புத்தி.

ஆக, சிப் பரப்பளவும் வேஃபர் விலையும் சேர்ந்துதான் செலவு. ஒன்றை மட்டும் பார்த்து "இது 150 டாலர் கார்டு" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

மெமரி ஏன் 8 அல்லது 16, நடுவில் 12 இல்லை?

இதுதான் அடிக்கடி கேட்கிற கேள்வி. "8 ஜிபி பத்தாது, 16க்குக் காசு இல்ல, 12 போட்டா என்ன கேடு?"

கார்டில் உள்ள மெமரி என்பது சமையலறை மேடை. கேமில் வரும் சுவர், மரம், முகம் எல்லாவற்றின் படங்களும் அதன் மேல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். மேடை நிறைந்துவிட்டால் சாமானைப் பின்கட்டில் வைத்து, வேண்டும்போது ஓடிப்போய் எடுத்துவர வேண்டும். கார்டுக்குப் பின்கட்டு என்பது கம்ப்யூட்டரின் பொது ரேம். போக வர நேரம் பிடிக்கும். அதனால்தான் 8 ஜிபி கார்டு ஒரு புதிய கேமில் சராசரியாக 70 ஃப்ரேம் காட்டிவிட்டு, திரும்புகிற இடத்தில் திடீரென்று ஒரு நொடி உறைந்து நிற்கும். சராசரி எண்ணில் அது தெரியாது, விளையாடுகிறவனுக்குத் தெரியும்.

சரி, 12க்கு வருவோம். சிப்பையும் மெமரியையும் இணைக்கிற பாதைக்கு பஸ் என்று பெயர். அதன் அகலத்தை பிட் கணக்கில் சொல்வார்கள். ஒவ்வொரு மெமரித் துண்டும் 32 பிட் அகலத்தை எடுத்துக்கொள்ளும். பஸ் 128 பிட் என்றால் நான்கு துண்டுக்கு இடம். ஒரு துண்டு 2 ஜிபி, நான்கு போட்டால் 8. பலகையின் பின்பக்கமும் நான்கு ஒட்டினால் 16. இடையில் நிற்க வழியில்லை. 12 வேண்டுமென்றால் ஆறு துண்டு, அதற்கு 192 பிட் பஸ், அதற்குச் சிப்பின் ஓரத்தில் கூடுதல் இடம், அதாவது பெரிய வில்லை. 2021ல் வந்த 3060ல் 192 பிட் இருந்ததால்தான் 12 ஜிபி வந்தது, 4060ல் 128ஆகக் குறைத்ததால்தான் 8க்கு இறங்கியது. 3 ஜிபி துண்டுகள் இப்போது வர ஆரம்பித்துவிட்டன. அவை தாராளமாகக் கிடைத்தால் 128 பிட்டிலும் நான்கு மூன்று பன்னிரண்டு. வரப்போகிற கார்டுகளில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

மெமரியின் அளவுக்கு விலை எப்படிப் போடுகிறார்கள் என்று பாருங்கள். 4060 டிஐ 8 ஜிபி 399 டாலர், 16 ஜிபி 499. இரண்டு வருடம் கழித்து 5060 டிஐ 8 ஜிபி 379, 16 ஜிபி 429. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 8 ஜிபி 299, 16 ஜிபி 349. கூடுதல் 8 ஜிபிக்கு ஒரு இடத்தில் 100 டாலர், மற்ற இரண்டு இடத்தில் 50. மெமரித் துண்டின் அடக்கவிலை மட்டும் இதைத் தீர்மானித்திருந்தால் இவ்வளவு தாவல் வராது.

ஆனால் அடக்கவிலையும் சும்மா இல்லை. 2025 கடைசியில் மெமரி விலை கிடுகிடுவென ஏறியது. உலகத்துக்கே பெரும்பாலான மெமரியைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் மூட்டை மூட்டையாக வாங்குவதால் மூவரும் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் 2025 டிசம்பரில், நாம் கடையில் வாங்கிவந்த குருசியல் பிராண்டையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. இதோடு டாலரும் அதே டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டியது. கார்டில் ஒரு மாற்றமும் இல்லாமல் 299 டாலர் சரக்கு வரியோடு சேர்த்து 1,400 ரூபாய் ஏறியது இதனால்தான். அடுத்து வரும் மிட்ரேஞ்ச் கார்டு மலிவாக இருக்கும் என்று எவராவது சத்தியம் செய்தால் இந்த இரண்டையும் அவர் கணக்கில் எடுத்தாரா என்று கேளுங்கள்.

பக்கத்துக் கடை என்ன விலை?

இவ்வளவு நேரம் செலவைப் பற்றிப் பேசினேன். செலவு சொல்வது "இதற்குக் கீழே விற்றால் நஷ்டம்" என்ற தரையை மட்டும். எவ்வளவு உயரத்தில் விலை நிற்கும் என்பதை நீங்களும் பக்கத்துக் கடையும் சேர்ந்து தீர்மானிக்கிறீர்கள்.

பஸ் ஸ்டாண்டில் ஒரே ஆட்டோ நின்றால் ஒரு விலை, ஐந்து நின்றால் வேறு விலை, மழை வந்தால் இன்னொரு விலை. பெட்ரோல் மூன்று நேரமும் ஒன்றுதான்.

2019 ஜூன், ஜூலையில் இது கண்ணெதிரே நடந்தது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டியை 449 டாலர் என்று அறிவித்தது. என்விடியா உடனே தன் சூப்பர் மாடல்களை இறக்கியது. விற்பனைக்கு வருவதற்கு ஓரிரு நாள் முன்பு ஏஎம்டி 399 ஆக்கிவிட்டது. அந்த மூன்று நான்கு வாரத்தில் சிலிக்கான் விலை ஒன்றும் குறைந்துவிடவில்லை. 2024 டிசம்பரில் இன்டெல் ஆர்க் பி580ஐ 12 ஜிபியோடு 249 டாலருக்கு இறக்கியதும் இதே சங்கதி: அதன் சிப் 4060ன் சிப்பைவிடப் பெரியது, ஆனால் இன்டெல்லுக்கு லாபத்தைவிட நுழைய ஒரு வாசல் தேவைப்பட்டது. நல்ல கார்டு அது. பழைய பிராசஸரோடு சேர்த்தால் வேகம் விழுந்துவிடும் என்பது மட்டும் குறை, அப்புறம் 249க்குக் கண்ணில் படுவதும் அபூர்வமாக இருந்தது.

மழைக்கால விலைக்கு உதாரணம் 2021. ஈத்தரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளால் தோண்டலாம், அதாவது கார்டைக் கணக்குப் போடவைத்தே நாணயம் சம்பாதிக்கலாம் என்பதால், 329 டாலர் 3060க்கு அதைப்போல் இரண்டு மடங்கு கொடுக்கவும் ஆள் இருந்தது. தோண்டும் வேகத்தைப் பாதியாக்கும் பூட்டு ஒன்றை என்விடியா அந்தக் கார்டில் போட்டது. அடுத்த மாதமே தான் வெளியிட்ட ஒரு டிரைவரில் (கார்டை இயக்கும் மென்பொருள்) அந்தப் பூட்டைத் தவறுதலாகத் தானே திறந்தும் விட்டது! 2022 செப்டம்பர் 15 அன்று ஈத்தரியம் தோண்டும் முறையையே கைவிட்ட பிறகுதான் பழைய கார்டுகள் சந்தையில் கொட்டின. இப்போது அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு. ஒரே ஆலை, ஒரே மாதிரி வேஃபர். அதில் டேட்டா சென்டர் சிப் அடித்தால் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான டாலர், நம் கார்டுக்கான சிப் அடித்தால் மொத்தக் கார்டே 300 டாலர். நீங்கள் ஆலைக்காரராக இருந்தால் எந்தப் பக்கம் சாய்வீர்கள்?

சுருக்கமாக, செலவு தரை. போட்டியும் தட்டுப்பாடும் நம் அவசரமும் சேர்ந்து கூரை. விலை இரண்டுக்கும் நடுவே எங்கேயோ தொங்குகிறது.

மேடையில் காட்டும் பட்டை வரைபடம்

2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 முந்தைய 1,599 டாலர் 4090ன் வேகத்தைத் தரும் என்றார். கைதட்டல். பழைய 4090ஐ விற்றுவிடலாமா என்று சிலர் பதறியதையும் பார்த்தேன்.

உள்ளே இருந்த சூட்சுமம் ஃப்ரேம் ஜெனரேஷன். கார்டு இரண்டு படங்களை உண்மையாக வரையும்; இடையில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்து மேலும் சில படங்களைச் செருகும். அன்று அறிவித்த கார்டுகளில் ஒரு உண்மைப் படத்துக்கு மூன்று ஊகப் படங்கள் வரை. எண்ணிப் பார்த்தால் நொடிக்கு 120 இருக்கும், ஆனால் நீங்கள் பொத்தானை அழுத்தியதற்குப் பதில் சொல்வது உண்மைப் படங்கள் மட்டும்தான். கண்ணுக்கு வழுக்கும், கைக்கு மந்தமாக இருக்கும். ஏற்கனவே 60, 70 உண்மை ஃப்ரேம் வருகிற இடத்தில் இது அருமையான வசதி. 25 வருகிற இடத்தில் ஒப்பனை. அந்த வசதியைத் தள்ளிவிட்டு ஒப்பிட்டால் 5070 எங்கே, 4090 எங்கே.

எனவே புதுக் கார்டு பற்றி எந்த வரைபடத்தைப் பார்த்தாலும் அடியில் பொடி எழுத்தில் இருப்பதை முதலில் படியுங்கள். விலை பற்றிய வதந்தியில் இன்னும் ஒரு சிக்கல். ஒரு நிறுவனம் விலையைக் கடைசி நாள்வரை முடிவு செய்யாமலே வைத்திருக்கலாம், 5700ல் பார்த்தோமே. ஆறு மாதத்துக்கு முன்பே கசிந்த விலை உண்மையாக இருந்தாலும், அது அன்றைக்கு மட்டும் உண்மை.

ஒரு ஃப்ரேமுக்கு எத்தனை ரூபாய்?

பெயரையும் டாலரையும் ஒதுக்கிவிட்டு, காய்கறிக் கடையில் செய்வதைச் செய்யலாம். கிலோ என்ன விலை? இங்கே கிலோவுக்குப் பதில் ஃப்ரேம்.

கற்பனையாக இரண்டு கார்டு. முதலாவது 30,000 ரூபாய், நீங்கள் விளையாடும் கேம்களில் சராசரி 75 ஃப்ரேம். ஃப்ரேமுக்கு 400 ரூபாய். இரண்டாவது 40,000 ரூபாய், சராசரி 95. ஃப்ரேமுக்கு 421. முதலாவதுதான் மலிவு. ஆனால் முதலாவது 8 ஜிபி, இரண்டாவது 16 என்றால்? மூன்று வருடத்தில் முதலாவதை மாற்ற வேண்டி வரும், இரண்டாவது ஐந்து வருடம் ஓடும் என்று நீங்கள் நம்பினால், வருடத்துக்கு 10,000 எதிரே 8,000. கணக்கு தலைகீழாகிவிட்டது. எத்தனை வருடம் என்பது உங்கள் ஊகம்தான், அதனால் நேர்மையாக ஊகியுங்கள். நாள் முழுக்க ஒரே ஒரு பழைய ஆன்லைன் கேமை மட்டும் ஆடுகிறவருக்கு 16 ஜிபி வீண் செலவு.

பழைய விலையோடு ஒப்பிடும்போதும் ஒரு திருத்தம் வேண்டும். 2016ல் 249 டாலர் என்பது அமெரிக்கப் பணவீக்கப்படி 2025ல் சுமார் 330 டாலர். அதோடு பார்த்தால் 299 டாலர் கார்டு விலை ஏறியதாகவே ஆகாது. நம் கதை வேறு. 2016ல் டாலர் 67 ரூபாய், அந்த 249 டாலர் வரிக்கு முன் 16,700. டாலர் விலை அப்படியே நின்றிருந்தால்கூட 86 ரூபாய்க் கணக்கில் 21,400. அமெரிக்க யூடியூபர் "பரவாயில்லை" என்று சொல்லும் கார்டு நமக்கு வலிப்பதற்கு இது ஒரு காரணம். அவர் சம்பளமும் டாலரில் ஏறியிருக்கும்.

கார்டோடு சேர்ந்து வரும் செலவையும் மறக்க வேண்டாம். பழைய பவர் சப்ளை தாங்குமா, மானிட்டரில் படத்தின் உயரம் 1080 புள்ளி தானா 1440ஆ என்று பாருங்கள். நொடிக்கு 60 படம் மட்டும் காட்டுகிற 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு 140 ஃப்ரேம் கார்டு வாங்கினால் மீதி 80 ஃப்ரேமைத் திரை காட்டவே காட்டாது. முதலில் மானிட்டரை மாற்றுங்கள் என்று நான் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

காத்திருக்கலாமா? புதுத் தலைமுறை அறிவிக்க ஒன்றிரண்டு மாதம்தான் இருக்கிறது, கையில் ஓடுகிற கார்டு இருக்கிறது என்றால் காத்திருங்கள். புதியது மோசமாக இருந்தாலும் பழையதைக் கழித்துக்கட்ட விலை குறைப்பார்கள், சில சமயம். ஸ்டாக் குறைவாக இருந்தால் பழையதே ஏறும், அதையும் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. காத்திருக்கும் மாதங்களில் விளையாடாமல் விட்ட கேம்களுக்கு யாரும் தள்ளுபடி தருவதில்லை.

தம்பி அன்று ராத்திரி இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டான். அவன் விளையாடுவது பாதி நேரம், மீதி நேரம் பிளெண்டர் என்ற மென்பொருளில் முப்பரிமாணப் படம் செய்கிறான், அதற்கு மெமரி ரொம்ப முக்கியம். மறுநாள் 5060 டிஐ 16 ஜிபி, ஒற்றைக் கலர், இரண்டு ஃபேன், விளக்கு கிடையாது, பில்லோடு வாங்கி வந்தான். சேமிப்பில் இருந்ததைவிட 13,000 ரூபாய் அதிகம், அதை நான்தான் கொடுத்தேன். இன்னும் திருப்பித் தரவில்லை. போன வாரம் ஒரு வீடியோ லிங்க் அனுப்பியிருந்தான்: அடுத்த தலைமுறை 60 கார்டின் விலை கசிந்துவிட்டதாம். டாலரில்.